பழைய காரின் டிரம் பிரேக்: அட்ஜஸ்ட் செய்தால் உண்மையில் என்ன மாறுகிறது?

பழைய கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்து பேசும் இடங்களில் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும்: “பிரேக்தானே? அட்ஜஸ்ட் பண்ணுங்க, சரியாப் போயிடும்.” மிதி தரை வரை இறங்குகிறது என்றாலும் இதே பதில். ஒரு பக்கமாக இழுக்கிறது, மிதித்தால் மெத்தென்று அமுங்குகிறது, மலையிறக்கத்தில் பிடிக்காமல் போகிறது என்று எதைச் சொன்னாலும் இதே பதில்தான். ஆனால் இவை நான்கும் நான்கு வெவ்வேறு கோளாறுகள். அட்ஜஸ்ட் செய்தால் தீரக்கூடியது அவற்றில் முதலாவது மட்டுமே. மற்றவற்றுக்கும் அதையே செய்துவிட்டு நிம்மதியாக ஓட்டுவது ஆபத்து.

டிரம் பிரேக்கை அட்ஜஸ்ட் செய்தால் பிரேக்கின் பலம் கூடாது. மிதிக்காமல் இருக்கும்போது உராயும் பாகத்துக்கும் சுழலும் பாகத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி குறையும். அவ்வளவுதான். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் எந்தக் கோளாறுக்கு எதைச் செய்ய வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

விளக்கத்துக்கு ஒரு கார் வேண்டும். மோரிஸ் மைனரை எடுத்துக்கொள்கிறேன். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. பத்து லட்சத்துக்கு மேல் விற்ற முதல் பிரிட்டிஷ் கார். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களில் இதையே ‘பேபி இந்துஸ்தான்’ என்று விற்றது. இலங்கைச் சாலைகளில் இன்றும் இதைப் பார்க்கலாம். கடைசி வரை நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். அட்ஜஸ்ட் செய்யும் அமைப்பும் எளிமையானது. புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல கார் அமையாது.

## சைக்கிளிலிருந்து தொடங்கலாம்

ரிம்மைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள் கொண்ட சாதாரண சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டைகள் புதிதாக இருக்கும்போது பிரேக் பிடியைக் கொஞ்சம் அழுத்தினாலே அவை ரிம்மைத் தொடும். ஓட்ட ஓட்ட ரப்பர் தேய்கிறது. கட்டை ரிம்மிலிருந்து விலகிக்கொண்டே போகிறது. பிடியை முன்பைவிட அதிகம் இழுக்க வேண்டியிருக்கிறது. ஒரு நாள் பிடி ஹேண்டில்பாரையே தொட்டுவிடும், கட்டையோ ரிம்மை அப்போதுதான் லேசாக உரசும்.

இந்த நிலையில் கேபிளைக் கொஞ்சம் இழுத்துக் கட்டுகிறோம். கட்டை மறுபடி ரிம்முக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, பிடி மேலேயே பிடிக்கிறது. “பிரேக் நல்லா ஏறிடுச்சு” என்று தோன்றும். ஆனால் ரப்பர் மாறவில்லை, ரிம் மாறவில்லை, உங்கள் கை பலமும் மாறவில்லை. கட்டை ரிம்மைத் தொட்ட பிறகு நடப்பது எல்லாம் முன்பு நடந்ததேதான். மாறியது தொடுவதற்கு முன்பு வீணாகும் தூரம் மட்டும்.

அந்த வீண் தூரத்தை அற்பமாக நினைக்கவும் கூடாது. பிடி ஹேண்டில்பாரைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் அழுத்த வழியில்லை. கையில் எவ்வளவு பலம் இருந்தாலும் பயனில்லை. அட்ஜஸ்ட்மென்ட் பலம் தராது, ஆனால் இருக்கும் பலத்தைப் பயன்படுத்த இடம் தரும். காரிலும் இதுவே நடக்கிறது.

## டிரம்முக்குள் என்ன இருக்கிறது

சக்கரத்தோடு சேர்ந்து சுழலும், ஒரு பக்கம் திறந்த வார்ப்பிரும்புக் கிண்ணம்தான் டிரம். அதன் உள்ளே, சுழலாமல் நிற்கும் வட்டத் தகடு ஒன்று உண்டு. அதன் பெயர் பேக் பிளேட். பேக் பிளேட்டின் மேல் பிறை வடிவில் இரண்டு இரும்புத் துண்டுகள் பொருத்தப்பட்டிருக்கும். அவை பிரேக் ஷூக்கள். ஷூவின் வெளிப்புற வளைவில் ஒட்டியோ ரிவெட் அடித்தோ இருக்கும் உராய்வுப் பட்டை லைனிங். தேய்வதற்கென்றே இருக்கும் பாகம் இது.

ஷூக்களை வெளியே தள்ளி டிரம்மின் உட்சுவரில் அழுத்துவது வீல் சிலிண்டர். சின்னக் குழாய்க்குள் ஒரு பிஸ்டன், அதன் பின்னால் பிரேக் திரவம். நாம் மிதிக்கும்போது மிதியோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் அந்தத் திரவத்தை எல்லாச் சக்கரங்களுக்கும் தள்ளுகிறது. காலை எடுத்ததும் ரிட்டர்ன் ஸ்பிரிங்குகள் ஷூக்களை உள்ளே இழுத்துவிடுகின்றன. அப்படித் திரும்பும் ஷூ எங்கே வந்து நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் சின்னப் பாகம்தான் அட்ஜஸ்டர். இந்தக் கட்டுரை முழுவதும் அதைப் பற்றியதுதான்.

மோரிஸ் மைனரில் அட்ஜஸ்டர் வீல் சிலிண்டரின் பிஸ்டனுக்கும் ஷூவின் முனைக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். மைக்ரம் என்று பெயர். நத்தை ஓட்டைப் போல விளிம்பு படிப்படியாக உயரும் ஒரு சிறு வட்டு அது. ஸ்குரூடிரைவரால் திருப்பினால் ஒவ்வொரு படியாக, ‘டிக் டிக்’ என்று ஷூவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளி நிறுத்தும்.

இந்த அமைப்பால் ஒரு நன்மை உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. லைனிங் தேய்வதை அட்ஜஸ்டர் ஈடுகட்டுகிறது. பிஸ்டன் ஒவ்வொரு முறையும் தன் பழைய இடத்துக்கே திரும்புகிறது. அதனால் லைனிங் தேய்ந்தாலும் மாஸ்டர் சிலிண்டரின் தொட்டியில் பிரேக் திரவம் குறையக் கூடாது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். மைனரில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே இருப்பதால் தரைவிரிப்பைத் தூக்கி மூடியைக் கழற்றினால்தான் திரவம் தெரியும். கண்ணில் படாத இடம் என்பதால் வருடக்கணக்கில் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்த்தால்: டிரம் சுழல்கிறது, ஷூ சுழல்வதில்லை. திரவ அழுத்தம் ஷூவை வெளியே தள்ளுகிறது, ஸ்பிரிங் உள்ளே இழுக்கிறது. திரும்பி வரும் ஷூ நிற்கும் இடத்தை அட்ஜஸ்டர் தீர்மானிக்கிறது.

## மிதி ஏன் இறங்கிக்கொண்டே போகிறது

மிதியில் நாம் தரும் விசை ஷூவைச் சேரும்போது பல மடங்காகப் பெருகியிருக்கும். அதற்கு ஈடாகத் தூரத்தை இழக்கிறோம்: மிதி நிறைய நகர்ந்தால்தான் ஷூ கொஞ்சம் நகரும். சும்மா ஒரு கணக்குக்காக, மிதி 50 மில்லிமீட்டர் இறங்கினால் ஷூ 1 மில்லிமீட்டர் நகரும் என்று வைத்துக்கொள்வோம். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர் என்றால் மிதி 25 மில்லிமீட்டர் இறங்கிய பிறகே பிரேக் தொடங்கும். லைனிங் தேய்ந்து இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர் ஆனால் 75 மில்லிமீட்டர் வீண். கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு மில்லிமீட்டர் தேய்மானம் காலுக்கு இரண்டு அங்குலமாகத் தெரிகிறது.

மைனரில் ஒரே மாஸ்டர் சிலிண்டர் ஆறு வீல் சிலிண்டர்களை நிரப்ப வேண்டும்: முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு, பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் ஒன்று. அதன் பிஸ்டன் ஒரு மிதியில் தள்ளக்கூடிய திரவத்துக்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவு முழுவதும் ஷூக்களை டிரம் வரை கொண்டுபோவதிலேயே செலவாகிவிட்டால் அழுத்தம் எழுவதற்கு எதுவும் மிஞ்சாது. மிதி தரையைத் தொடும், வண்டி போய்க்கொண்டே இருக்கும்.

சக்கரத்தோடு சுழலும் தட்டை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்குக்கு மட்டும் ஏன் இந்த வேலை இல்லை என்று கேட்பவர்கள் உண்டு. டிஸ்க் பிரேக்கில் உராய்வுப் பட்டையைத் தொலைவுக்கு இழுக்கும் ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் மிதிக்கும்போது லேசாக வளைந்து, விட்டதும் நிமிர்ந்து, பிஸ்டனை மயிரிழை அளவே பின்னால் இழுக்கிறது. பட்டை தேயத் தேய பிஸ்டன் முன்னேறி அங்கேயே தங்கிவிடும். டிரம்மிலும் தானாகச் சரிசெய்துகொள்ளும் அமைப்புகள் பிற்பாடு பரவலாக வந்தன. மைனர் போன்ற கார்களில் அது இல்லை, நாம்தான் செய்ய வேண்டும்.

## முன்சக்கரத்தில் ஏன் இரண்டு அட்ஜஸ்டர்

இங்கே டிரம் பிரேக்கின் அழகான ஒரு குணத்தைச் சொல்லியாக வேண்டும். ஷூவின் ஒரு முனை நிலையாகத் தாங்கப்பட்டிருக்கிறது, மறுமுனையை வீல் சிலிண்டர் வெளியே தள்ளுகிறது. தள்ளப்படும் முனையிலிருந்து தாங்கும் முனையை நோக்கி டிரம் சுழன்றால், உராய்வு ஷூவை டிரம்மோடு இன்னும் இறுக்கமாக இழுத்துச் சேர்க்கும். சுழலும் சக்கரமே பிரேக்குக்கு உதவுகிறது. இப்படி அமைந்த ஷூவை முன்னோடி ஷூ என்று சொல்லலாம். மெக்கானிக்குகள் லீடிங் ஷூ என்பார்கள். டிரம் எதிர்த்திசையில் சுழன்றால் உராய்வு ஷூவை உள்ளே தள்ளிவிடும். அது டிரெய்லிங் ஷூ. அதன் பிடி குறைவு.

மைனரின் முன்சக்கரங்களில் இரண்டு ஷூக்களும் லீடிங் ஷூக்கள். பிரேக் போடும்போது எடை முன்பக்கம் சாய்வதால் அங்கேதான் அதிகப் பிடி தேவை. அதற்காகவே ஒவ்வொரு ஷூவுக்கும் தனித்தனி வீல் சிலிண்டர், தனித்தனி அட்ஜஸ்டர். பின்சக்கரத்தில் ஒன்று லீடிங், ஒன்று டிரெய்லிங். ஒரே சிலிண்டர், ஒரே அட்ஜஸ்டர். ஆக மொத்தம் ஆறு அட்ஜஸ்டர்கள். முன்சக்கரத்தில் ஒன்றை மட்டும் திருப்பிவிட்டு இரண்டாவது இருப்பதே தெரியாமல் மூடிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. விளைவு, ஒரு ஷூ டிரம்முக்கு அருகில், இன்னொன்று எங்கோ தொலைவில். மிதியும் பாதிதான் ஏறும்.

ரிவர்ஸில் போகும்போது முன்பக்கத்து இரண்டு ஷூக்களும் டிரெய்லிங் ஆகிவிடுகின்றன. பழைய கார் ரிவர்ஸில் மட்டும் சோம்பலாக நின்றால் அது கோளாறு இல்லை, அமைப்பே அப்படி.

## செய்யும் முறை

சமதளமான, கெட்டியான தரை வேண்டும். பின்பக்கத்தைத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக்கை விடுவித்து கியரையும் நியூட்ரலில் வைக்க வேண்டியிருப்பதால் முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுப்பது கட்டாயம். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டும். தூக்கிய பிறகு எடை ஆக்சில் ஸ்டாண்ட் என்ற இரும்புத் தாங்கியின் மேல் இறங்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வேலை செய்பவர்களை இன்றும் பார்க்கிறோம்; தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

சக்கரத்தின் நடுவில் இருக்கும் மூடியை (ஹப் கேப்) எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் டிரம்மில் உள்ள துளை வழியாக அட்ஜஸ்டரின் வெட்டு கண்ணில் படும். வெளிச்சம் போதாவிட்டால் டார்ச் அடித்துப் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றிவிட்டால் இன்னும் சுலபம். அந்த வெட்டில் ஸ்குரூடிரைவரை வைத்து, கடிகார முள் சுற்றும் திசையில், டிரம் நகராமல் இறுகும் வரை திருப்புங்கள். அப்புறம் ஒரே ஒரு படி பின்னால் விடுங்கள். டிரம் தடையில்லாமல் சுழல வேண்டும்.

முன்சக்கரமானால் அரைச்சுற்றுத் தள்ளி எதிர்ப்பக்கம் இருக்கும் இரண்டாவது அட்ஜஸ்டருக்கும் இதையே செய்யுங்கள். பிறகு உள்ளே உட்கார்ந்து மிதியை இரண்டு மூன்று முறை அழுத்தமாக மிதியுங்கள். ஷூக்கள் டிரம்மின் மேல் சீராகப் படிந்து உட்கார இது தேவை. மறுபடி சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். பல நேரம் இன்னொரு படி திருப்ப இடம் கிடைக்கும். அவசரப்படுபவர்கள் இந்த இரண்டாவது பார்வையை விட்டுவிடுகிறார்கள். மறுநாளே மிதி இறங்கிவிட்டதென்று குறைபடுவதும் அவர்கள்தான்.

சுற்றும்போது ‘சர்… சர்…’ என்று ஏதோ ஓர் இடத்தில் மட்டும் லேசாக உரசும் சத்தம் கேட்டால் கவலை வேண்டாம். பழைய டிரம் எதுவும் துல்லியமான வட்டமாக இருக்காது. சுற்று முழுவதும் விடாமல் உரசினால், கையால் சுற்றவே பாரமாக இருந்தால், இன்னொரு படி விட வேண்டும். பின்சக்கரத்தைச் சுற்றும்போது பின் அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரத் தொகுதியான டிஃபரென்ஷியலும் சேர்ந்து சுழல்வதால் இயல்பாகவே கொஞ்சம் கனம் தெரியும். அதை ஷூ உரசுவதாக நினைத்துத் தளர்த்திவிடாதீர்கள்.

இடது சக்கரத்தில் நான்கு படி திருப்பினோம், வலதிலும் நான்குதான் திருப்ப வேண்டும் என்று எண்ணிக்கொண்டு செய்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணிக்கைக்கு எந்த அர்த்தமும் இல்லை. ஒவ்வொரு லைனிங்கும் வெவ்வேறு அளவில் தேய்ந்திருக்கும். எல்லா ஷூக்களும் டிரம்மிலிருந்து ஏறக்குறைய ஒரே அளவு விலகி நிற்க வேண்டும், அதுதான் குறி.

வேறு காரானால் அட்ஜஸ்டரின் உருவம் மாறும். சிலவற்றில் பேக் பிளேட்டின் பின்னால் சதுரத் தலை நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் திருப்பினால் உள்ளே ஓர் ஆப்பு நகர்ந்து ஷூக்களை விரிக்கும். அமெரிக்கக் கார்களில் பெரும்பாலும் பல்சக்கரம் போன்ற ஒன்று இருக்கும். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலிலும் அதே வகைதான். திருப்பும் திசை ஒன்றுக்கொன்று மாறலாம், அதனால் அந்தந்தக் காரின் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். ‘தொடும் வரை போய்க் கொஞ்சம் பின்வாங்கு’ என்ற முறை எல்லாவற்றுக்கும் பொது.

அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகியிருந்தால் பலம் போட்டுத் திருகாதீர்கள். வெட்டு சிதைந்துவிடும். டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்வதுதான் வழி. அப்படிக் கழற்றும்போது உள்ளே சேர்ந்திருக்கும் கரும்பொடியைக் காற்றடித்தோ வாயால் ஊதியோ எடுக்கக் கூடாது. அந்தக் காலத்து லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பட்டறையில் கம்ப்ரஸர் காற்றால் டிரம்மை ஊதுவதைக் கண்டால் தடுத்துச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கும் சிறு பையனும் அதைத்தான் சுவாசிக்கிறான்.

## ஹேண்ட் பிரேக்கைத் தொடுவது கடைசியில்

மைனரில் ஹேண்ட் பிரேக் கேபிள்கள் பின்சக்கர ஷூக்களையே இயக்குகின்றன. அவற்றின் நீளத்தை மாற்றும் நட்டுகள் காருக்குள், கைப்பிடியின் அடியிலேயே இருக்கின்றன. கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதால் பலர் அதிலிருந்தே தொடங்கிவிடுகிறார்கள், அது தலைகீழ் வேலை. கேபிளை இழுத்துக் கட்டினால், மிதிக்காத நேரத்திலும் அது ஷூக்களைப் பாதி விரித்தபடி பிடித்துக்கொள்ளும். அவை அட்ஜஸ்டரின் மேல் வந்து உட்காராது. அந்த நிலையில் அட்ஜஸ்டரைத் திருப்பிப் பார்ப்பதில் பொருளில்லை.

கேபிள்கள் தளர்வாக இருக்கும்போதே ஷூக்களை அட்ஜஸ்ட் செய்யுங்கள். பெரும்பாலும் அதிலேயே ஹேண்ட் பிரேக்கும் சரியாகிவிடும். பிறகும் கைப்பிடி வெகுதூரம் மேலே வந்தால் மட்டும் நட்டுகளைத் திருப்பலாம். கைப்பிடி கீழே இருக்கும்போது பின்சக்கரங்கள் தடையின்றிச் சுழல்கின்றனவா என்று பார்த்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ளுங்கள்.

## இறுக்கமாக வைத்தால் என்ன நஷ்டம்

மிதி மேலேயே பிடிக்க வேண்டும் என்ற ஆசையில் அந்த ஒரு படியை விடாமல் வைப்பவர்கள் உண்டு. உரசிக்கொண்டே ஓடும் ஷூ சூடாகும். சூடானால் லைனிங்கும் ஷூவும் விரிந்து இன்னும் உரசும், இன்னும் சூடாகும். சக்கர பேரிங்கின் கிரீஸ் உருகி வழியலாம். அது லைனிங்கின் மேல் பட்டால் அந்தச் சக்கரத்தில் பிடி போய்விடும். வீல் சிலிண்டரில் பழைய, ஈரம் ஏறிய திரவம் இருந்தால் அது கொதித்து ஆவியாகும். ஆவியை அழுத்தினால் சுருங்கும், அழுத்தம் ஷூவுக்குப் போய்ச் சேராது.

வேலை முடிந்ததும் அதிகம் பிரேக் போடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால் அதில் ஷூ உரசுகிறது.

## அட்ஜஸ்ட் செய்தும் தீராதவை

மிதியே பல கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடும். வண்டி நிற்கும்போது ஒரு முறை மிதியுங்கள். ஆழமாக இறங்குகிறதா? சட்டென்று விட்டு உடனே மறுபடி மிதியுங்கள். இரண்டாவது முறை மேலேயே, கல்லைப் போல நின்றால் இடைவெளி அதிகமாகிவிட்டது, அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். ஏன் இரண்டாவது முறை உயர்கிறது? மிதியை விட்டதும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் வேகமாகத் திரும்பிவிடுகிறது, ஷூக்கள் அவ்வளவு வேகமாகத் திரும்புவதில்லை. அந்த நொடியில் தொட்டியிலிருந்து கொஞ்சம் திரவம் கூடுதலாக முன்னால் சேர்ந்துகொள்கிறது. ஷூக்கள் டிரம்முக்கு அருகில் இருக்கும்போதே அடுத்த மிதி விழுவதால் உயரத்திலேயே பிடிக்கிறது.

இரண்டாவது மிதியில் உயர்ந்தாலும் மெத்தென்று இருந்தால் குழாய்களில் காற்று இருக்கிறது. திரவம் அழுத்தத்தில் சுருங்காது, காற்று சுருங்கும். அட்ஜஸ்டரை எவ்வளவு திருப்பினாலும் காற்று வெளியேறாது. ப்ளீடிங் செய்து, அதாவது திரவத்தோடு சேர்த்துக் காற்றை வெளியே விட்டு, எடுக்க வேண்டும். மிதியை அழுத்தியபடியே வைத்திருக்கும்போது அது மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால் வெளியே கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே ரப்பர் தேய்ந்து திரவம் பின்னால் நழுவுகிறது. இந்த நிலையில் வண்டியை எடுக்கவே கூடாது. மைனர் காலத்துக் கார்களில் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே குழாய்த் தொடர்தான். ஓரிடத்தில் விட்டுப்போனால் நான்கும் போய்விடும். கையில் மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும்.

ஒரு பக்கமாக இழுப்பதில்தான் தவறான புரிதல் அதிகம். “வலது பக்கம் லூஸ், அதான் இடது பக்கம் இழுக்குது, வலதை டைட் வை” என்பார்கள். திரவத்தில் இயங்கும் பிரேக்கில் இது நிற்காத வாதம். ஒரே திரவம்தான் எல்லாச் சிலிண்டருக்கும் போகிறது, அழுத்தமும் எங்கும் ஒன்றே. தளர்வாக இருக்கும் ஷூ டிரம்மைத் தொடும் வரை திரவம் அந்தப் பக்கமே ஓடிக்கொண்டிருக்கும், மற்றவையும் அதுவரை முழு அழுத்தம் பெறாமல் காத்திருக்கும். எல்லாம் தொட்ட பிறகு எல்லாவற்றுக்கும் சம அழுத்தம். அதனால் ஒரு சக்கரத்தின் தளர்வு மிதியைத்தான் இறக்கும், தொடர்ந்து ஒரு பக்கம் இழுக்க வைக்காது. 1930-களின் ஆஸ்டின் செவன் போல கேபிளால் இயங்கிய பிரேக்குகளில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு சக்கரத்துக்கும் போகும் இழுப்பை அட்ஜஸ்ட்மென்ட்டே தீர்மானித்தது. திரவ பிரேக் நான்கு சக்கரத்திலும் பொருத்தப்பட்டு முதலில் விற்பனைக்கு வந்தது 1921-இல், அமெரிக்காவின் டூசன்பெர்க் காரில். அந்தக் கேபிள் காலத்துப் பழக்கம்தான் வாய்வழியாக இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

அப்படியானால் இழுப்பது எதனால்? பெரும்பாலும் ஒரு பக்கத்து லைனிங்கில் எண்ணெயோ கிரீஸோ பிரேக் திரவமோ பட்டிருக்கும், இல்லையென்றால் ஒரு வீல் சிலிண்டரின் பிஸ்டன் துருவில் சிக்கியிருக்கும். வண்டி இடது பக்கம் இழுத்தால் இடது பிரேக் வேலை செய்கிறது. சந்தேகப்பட வேண்டியது பெரும்பாலும் வலதுபக்கத்தை. எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மாட்டுவது வீண். சூடானதும் உள்ளே ஊறியது மறுபடி மேலே வரும். கசிவை நிறுத்திவிட்டு, அந்த அச்சின் இரு பக்கமும் புது லைனிங் போட வேண்டும்.

மிதிக்கும்போது கால் துடித்தால் டிரம் வட்டம் இழந்திருக்கிறது. லேத்தில் கொடுத்துக் கடையலாம். இடது, வலது இரண்டையும் ஒரே அளவுக்குக் கடைவது முக்கியம், டிரம்முக்கு அனுமதித்த எல்லையைத் தாண்டவும் கூடாது. கடைந்த டிரம்மின் உள்வட்டம் பெரிதாகிவிடுவதால் புது லைனிங்கின் வளைவு அதோடு ஒட்டாமல் நடுவில் மட்டும் தொடும். எவ்வளவு நுணுக்கமாக அட்ஜஸ்ட் செய்தாலும் மிதி ஸ்பிரிங்போலத் துள்ளும், பிடியும் குறைவாக இருக்கும். டிரம்மின் உட்புறம் சாக்பீஸ் தடவி ஷூவை வைத்துத் தேய்த்துப் பார்த்தால் லைனிங்கில் எங்கே வெண்மை ஒட்டுகிறது என்று தெரிந்துவிடும். நடுவில் மட்டும் ஒட்டினால் லைனிங்கை டிரம்மின் வளைவுக்கு ஏற்றபடி தேய்த்துத் தர வேண்டும். நல்ல பழைய பட்டறைகளில் இதைக் கேட்காமலே செய்வார்கள்.

கொடைக்கானலிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ இறங்கும்போது பிரேக் மங்குவது வெப்பத்தின் வேலை. சூட்டில் டிரம் விரிந்து ஷூவிலிருந்து விலகுகிறது, மிதி தாழ்கிறது. லைனிங்கின் உராய்வும் சூட்டில் குறைகிறது. முன்கூட்டியே இறுக்கி வைத்தால் இன்னும் சீக்கிரம் சூடாகும். மலை ஏறும்போது போட்ட அதே கியரிலேயே இறங்குவதுதான் பழைய கார்களுக்கு உகந்தது.

இன்னொரு குறுக்கு வழியையும் எச்சரித்துவிடுகிறேன். சில கார்களில் மாஸ்டர் சிலிண்டருக்கும் மிதிக்கும் நடுவே உள்ள தள்ளுதண்டின் நீளத்தை மாற்ற முடியும். அதை நீட்டினால் மிதி உடனே உயரும், ஷூவைத் தொடவே வேண்டாம். ஆனால் மிதியில் இருக்க வேண்டிய சிறு தளர்வு போய்விட்டால் பிஸ்டன் முழுவதும் பின்னால் வராது. திரவம் தொட்டிக்குத் திரும்பும் நுண்துளை அடைபட்டுவிடும். ஓட ஓடச் சூட்டில் திரவம் விரியும், திரும்பிப் போக வழி இல்லாமல் ஷூக்களைத் தள்ளும், பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். நடுச்சாலையில் நகராமல் நிற்கும் சில பழைய கார்களின் பின்னால் இந்த அரைத் திருகு வேலைதான் இருக்கிறது.

## எப்போது மறுபடி செய்வது

நாள் குறித்து வைத்துச் செய்வதைவிட மிதியின் உயரத்தைப் பழக்கப்படுத்திக்கொள்வது நல்லது. வாரம் ஒரு முறையாவது வண்டியை எடுக்குமுன் ஒரு மிதி, விட்டு உடனே இன்னொரு மிதி. இரண்டுக்கும் உயரத்தில் வித்தியாசம் கூடிக்கொண்டே போனால் அட்ஜஸ்ட் செய்யும் நேரம் வந்துவிட்டது.

புது லைனிங் போட்டிருந்தால் காத்திருக்க வேண்டாம். முதல் சில நூறு கிலோமீட்டரில் லைனிங்கின் மேடுகள் தேய்ந்து டிரம்மோடு படியும்போது இடைவெளி வேகமாக வளரும், அதனால் ஓரிரு வாரத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அட்ஜஸ்டர் கடைசிப் படி வரை போன பிறகும் டிரம் இறுகவில்லை என்றால் லைனிங் முடிந்துவிட்டது. இனி ரிவெட்டின் தலை டிரம்மைக் கீறத் தொடங்கும். மைனரில் சக்கரத்தைக் கழற்றினால் டிரம்மைப் பிடித்திருப்பவை இரண்டு திருகுகள்தான். அவற்றை எடுத்தும் டிரம் வர மறுத்தால் சுத்தியலைத் தேடாதீர்கள். தேய்ந்த டிரம்மின் விளிம்பில் ஒரு வரப்பு எழும்பி ஷூக்களைத் தடுத்துக்கொண்டிருக்கும். அட்ஜஸ்டர்களை முழுவதும் பின்னால் திருப்பிவிடுங்கள், கையோடு வந்துவிடும்.